பழைய பைக்குக்குப் புதுச் சட்டை

கடைக்காரர் "வராது" என்று கைவிரித்த பிறகும் திருவனந்தபுரத்தில் வழிகள் இருக்கின்றன. எதை முதலில் செய்வது என்று தெரிந்தால் பணம் மிச்சம்.

ராக்கெட்டின் கூம்பு முனையை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிச் சென்ற ஊர் திருவனந்தபுரம். தும்பா ஏவுதளத்தில் 1960களில் எடுக்கப்பட்ட அந்தப் புகைப்படம் உலகப் பிரசித்தம். இருப்பதை வைத்துக் காரியத்தை முடிக்கும் அந்தச் சாமர்த்தியம் இன்று அதே ஊரில் வேறொரு இடத்தில் தேவைப்படுகிறது. பதினைந்து, இருபது வருடம் உழைத்த மோட்டார் சைக்கிளின் சைடு பேனல் உடைந்துவிடுகிறது. ஷோரூமில் விசாரித்தால் அந்த மாடல் நின்றுபோய் வருடங்கள் ஆகிவிட்டன என்ற பதில். வண்டிக்காரர் உடைந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறார்.

சைடு பேனல் உடைந்ததால் எந்த வண்டியும் நின்றுவிடுவதில்லை. ஆனால் நன்றாக ஓடும் வண்டியை உரிமையாளர் கை கழுவுவதற்கு அதுவே முதல் காரணமாகிவிடுகிறது. பேனல் இல்லாத வண்டி பரதேசிக் கோலத்தில் நிற்கிறது, விலைக்குக் கேட்பவர் பாதியாகக் கேட்கிறார், வீட்டில் இருப்பவர்கள் புது வண்டி என்று பேச்செடுக்கிறார்கள். இது அழகுப் பிரச்னை மட்டும் அல்ல. பெரும்பாலான பைக்குகளில் சைடு பேனலுக்குப் பின்னால்தான் பேட்டரி, ஃபியூஸ், வயர் இணைப்புகள், ஏர் ஃபில்டர் பெட்டி எல்லாம் இருக்கின்றன. பேனல் போனால் மழைத் தண்ணீர் நேராக அங்கேதான் போகும். முந்நூறு ரூபாய் சமாசாரத்தை விட்டுவைத்தால் மூவாயிரம் ரூபாய்ச் செலவு வந்து நிற்கும்.

இதில் காலக்கெடு வேறு இருக்கிறது. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை ஆர்.டி.ஓ. ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 1,000 ரூபாய் ஆக்கியது. 20 ஆண்டு தாண்டிய மோட்டார் சைக்கிள்களுக்கு 2,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கை வெளியானது. கட்டணம் ஏற ஏற, "இதற்கு மேல் இந்த வண்டிக்கு எவ்வளவு செலவழிப்பது?" என்ற கேள்வி கூர்மையாகிறது. அதற்குச் சரியான விடை தெரியாததால் இன்னும் பத்து வருடம் உழைக்கக்கூடிய பல வண்டிகள் எடைக்குப் போகின்றன.

உப்பும் இரண்டு மழையும்

கோவையிலோ மதுரையிலோ ஓடும் வண்டிக்கு இல்லாத சோதனை திருவனந்தபுரத்து வண்டிக்கு உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை என்று வருடத்தில் இரண்டு முறை நனைகிறது. சங்குமுகம், வலியதுறை, விழிஞம் பக்கம் கடற்காற்றில் உப்பு. பின்னால் மீன் பெட்டி கட்டிய வண்டிகளின் பாடு இன்னும் மோசம். உருகும் ஐஸோடு சேர்ந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் பின் மட்கார்டிலும் சேஸிஸிலும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இரும்புத் தகடு எப்போதும் உள்ளிருந்துதான் அரிக்கப்படுகிறது. மட்கார்டின் அடியில் சேறு ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் தகட்டை மடித்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கும். வெயில் அடித்து வெளிப்பக்கம் காய்ந்த பிறகும் அந்த மடிப்பு நாள்கணக்கில் நனைந்தே இருக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் போலக் கிளம்பும்போது உள்ளே தகடு ஏற்கெனவே காகிதமாகி இருக்கும். எனவே மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை வண்டியின் மேல்பக்கத்தைத் துடைப்பதைவிட, மட்கார்டின் அடியில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றை அகற்றுவதுதான் மலிவான பாதுகாப்பு.

பிளாஸ்டிக் பேனலுக்குத் துருப்பிடிக்காது. ஆனால் அது உடைவதற்கும் ஒரு காரணம் உண்டு. சைடு பேனலின் பின்புறம் இரண்டு மூன்று கால்கள் இருக்கும். அவை சேஸிஸில் உள்ள சிறிய ரப்பர் வளையங்களுக்குள் அழுந்தி நிற்கும். வருடக்கணக்கில் வெயிலும் எஞ்சின் சூடும் பட்டு ரப்பர் கல்லாகிவிடுகிறது. பேட்டரி பார்க்க மெக்கானிக் பேனலை வெடுக்கென்று இழுக்கும்போது கால் முறிகிறது. சில சமயம் ரப்பர் விழுந்து தொலைந்துவிடும். பேனல் அதிர்ந்து அதிர்ந்து, திருகு மாட்டும் துளையைச் சுற்றி விரிசல் விடும். வண்டி கீழே விழுந்து உடையும் பேனல்கள் ஒரு பக்கம் இருக்க, சில ரூபாய் ரப்பர் இல்லாமல் உடையும் பேனல்களும் ஏராளம். புதுப் பேனல் வாங்கியும் பழைய ரப்பரையே விட்டுவைப்பவர் அடுத்த பேனலுக்கு இப்போதே முன்பணம் கட்டுகிறார் என்று அர்த்தம்.

நேசிக்கப்படும் பழசு, மறக்கப்பட்ட பழசு

வயது கூடக்கூட உதிரி பாகம் கிடைப்பது கஷ்டம் என்று பொதுவாக நினைக்கிறார்கள். நடைமுறை அப்படி இல்லை. யமஹா ஆர்.எக்ஸ்.100 1985இல் வந்து 1996இல் நின்றுபோனது. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை யெஸ்டி தயாரிப்பை நிறுத்தியதும் 1996இல்தான். ஆனால் இந்த இரண்டுக்கும் டேங்க், மட்கார்டு, சைடு பேனல் என்று எல்லாமே வெளித் தயாரிப்பில் கிடைக்கின்றன. காரணம், பிரியர் கூட்டம். புல்லட்டுக்குச் சொல்லவே வேண்டாம். 1994இல் வந்த ஸ்பிளெண்டர் பெயர் மாறாமல் விற்றுக்கொண்டே இருப்பதால் அதன் பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

உண்மையான கஷ்டம் இடைப்பட்ட வண்டிகளுக்கு. 2000க்குப் பிறகு வந்து, சில வருடம் விற்று, சத்தமில்லாமல் மறைந்த மாடல்கள் எத்தனையோ. எல்.எம்.எல். ஃபிரீடம் 2002இல் வந்தது. கம்பெனியே பிறகு கலைப்புக்குப் போய்விட்டது. கரிஸ்மா போல முன்பக்கம் முழுக்கப் பிளாஸ்டிக் கவசம் போர்த்திய வண்டிகளுக்கு வேறு தலைவலி. ஒரு முறை சறுக்கி விழுந்தால் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேனல்கள் போகும். தன் வண்டி இந்த இரண்டு வகையில் எது என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை. நேசிக்கப்படும் பழசுக்குப் பணம் இருந்தால் போதும். மறக்கப்பட்ட பழசுக்குக் கொஞ்சம் துப்பறியும் புத்தி வேண்டும்.

அந்தத் துப்பறிதல் பார்ட் நம்பரிலிருந்து தொடங்குகிறது. ஹோண்டா வழி வந்த வண்டிகளின் பார்ட் நம்பரில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும். 83500 என்றால் வலது சைடு கவர், 83600 இடது சைடு கவர், 61100 முன் மட்கார்டு, 17500 பெட்ரோல் டேங்க். அடுத்து வரும் மூன்று எழுத்துகள் அது எந்த மாடலுக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். யமஹாவில் வரிசை தலைகீழ். மாடல் குறியீடு முதலில், பாக எண் பிறகு: 24110 டேங்க், 21711 சைடு கவர், 21511 முன் மட்கார்டு. இரண்டு மாடல்களின் பாகப் பட்டியலில் எண் ஒன்றாக இருந்தால் பாகமும் ஒன்றே. கடையில் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டு "இல்லை" என்ற பதில் வந்த இடத்தில், எண்ணைச் சொல்லிக் கேட்டால் வேறொரு மாடலின் பெட்டியிலிருந்து அதே பேனல் வெளிவருவது உண்டு.

எண்ணின் கடைசியில் வருவது பெரும்பாலும் நிறத்துக்கான குறியீடு. "கறுப்பு இல்லை" என்றால் "வேறு எந்த நிறம் கிடக்கிறது?" என்று கேட்க வேண்டும். விலைபோகாத நிறத்தில் பல வருடமாகத் தூசி படிந்து கிடக்கும் ஒரிஜினல் பேனல்களைக் கடைக்காரர்கள் குறைத்துக் கொடுக்கத் தயங்குவதில்லை. எப்படியும் பெயின்ட் அடிக்கப்போகிற பேனலுக்கு நிறம் எதுவானால் என்ன?

தூக்கிப் போடும் முன்

உடைந்த பேனலை யாரும் உடனே குப்பையில் போடக்கூடாது. துண்டுகள் அனைத்தும் கையில் இருந்தால் ஒட்டிவிடலாம். ஆனால் எது எதனோடு ஒட்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பேனலின் பின்பக்கத்தில், இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே, அது எந்தப் பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருப்பார்கள். பெயின்ட் அடித்துப் பளபளக்கும் கெட்டியான பேனல்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். உள் மட்கார்டு போல வளைந்து கொடுக்கும் கறுப்புப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், சுருக்கமாகப் பி.பி. எழுத்து அழிந்திருந்தால் பின்பக்க மூலையில் ஒரு சொட்டு அசிடோன் விட்டுப் பார்க்கலாம். இளகிப் பிசுபிசுத்தால் ஏ.பி.எஸ்., அசையாமல் இருந்தால் பி.பி.

ஏ.பி.எஸ்.ஸுக்கு மருந்து அதே ஏ.பி.எஸ். தேறாத பழைய பேனலின் சில்லுகளை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு அசிடோன் ஊற்றி ஓரிரவு வைத்தால் கூழாகிவிடும். விரிசலின் இரு கரைகளையும் உப்புத்தாளால் தேய்த்து, இந்தக் கூழைப் பூசினால் இரண்டு துண்டுகளும் இளகி ஒன்றாகிவிடும். பின்பக்கம் மெல்லிய எவர்சில்வர் வலைத் துண்டு ஒன்றைப் பதித்துக் கூழை மேலே தடவினால் பலம் கூடும். முறிந்த காலையும் இதே முறையில் நிறுத்தலாம். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. விரிசல் முடியும் நுனியில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போட்ட பிறகே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தைத் தாண்டி விரிசல் நடைபோடும். அசிடோன் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பும் பீடியும் இல்லாத, காற்று வரும் இடத்தில்தான் இந்த வேலை.

பி.பி. எந்தப் பசைக்கும் எளிதில் மசியாது. அதை ஒட்ட ஃபெவிக்விக், எம்-சீல் என்று செலவழிப்பது வீண். அதை உருக்கித்தான் இணைக்க வேண்டும். பி.பி. குச்சி வைத்துச் சூடான காற்றில் வெல்டிங் செய்பவர்கள் கார் பம்பர் சரிசெய்யும் பட்டறைகளில் இருக்கிறார்கள். சால்டரிங் அயர்னால் கம்பித் தையல் போட்டு உருக்கி மூடும் நாட்டு வைத்தியமும் பலன் தரும். பேனலை ஒட்டி முடித்ததும் புது ரப்பர் போட்டு, சோப்புத் தண்ணீர் தடவி மெல்ல அழுத்தி மாட்ட வேண்டும்.

இரும்பு மட்கார்டும் டூல் பாக்ஸும் ஓட்டை விழுந்தாலும் தூக்கிப் போட வேண்டியதில்லை. சுற்றியுள்ள தகடு கெட்டியாக இருந்தால் துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்து, அதே கனத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடலாம். டிங்கரிங் பட்டறைகளில் இது தினசரி வேலை. ஆனால் ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துத் தருபவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பட்டிக்கு அடியில் துரு தன் வேலையைத் தொடரும். அடுத்த மழைக்காலத்தில் பட்டி கட்டியாகக் கழன்று கையோடு வரும். துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி தடவி, எபாக்ஸி பிரைமர் உள்ளும் புறமும் அடித்த பிறகே பட்டி. வெளிப்பக்கம் இரண்டு கோட் பெயின்டுக்குப் பேரம் பேசுகிறவர்கள் உள்பக்கம் ஒரு கோட் பிரைமரை வற்புறுத்திக் கேட்பதில்லை. கடற்கரை ஊரில் வண்டியைக் காப்பாற்றுவது அந்த உள்பக்கக் கோட்தான்.

பெட்ரோல் டேங்க் தனிக் கதை. எத்தனை முறை கழுவியிருந்தாலும் அதன் மடிப்புகளில் ஆவி தங்கும். சாதாரண வெல்டிங் பட்டறையில் டேங்க்கைக் கொடுப்பது வெடிகுண்டுக்குத் திரி வைப்பது போன்றது. அதில் பழக்கப்பட்டவர் மட்டுமே கை வைக்க வேண்டும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்ட நிலையில் இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் பிரிந்து துருவை வளர்க்கும். பழைய டேங்க் வாங்கும்போது மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது.

ஆக்ரிக் கடையில் பொறுக்கும் கலை

சென்னைக்காரர் காயலான் கடை என்பதைத் திருவனந்தபுரத்தில் ஆக்ரிக் கடை என்கிறார்கள். சாலைக் கடைத்தெரு வட்டாரத்தில் தமிழ் பேசியே பேரம் பேசலாம் என்பது தமிழர்களுக்குக் கூடுதல் வசதி. சென்னைக்குப் புதுப்பேட்டை, டெல்லிக்குக் கரோல்பாக் என்று ஒவ்வொரு பெருநகருக்கும் ஒரு சந்தை உண்டு. பழைய ஒரிஜினல் பேனல், புது டூப்ளிகேட் பேனலைவிடப் பல சமயம் மேல். துளைகள் சரியாக உட்காரும், பிளாஸ்டிக் தரமாக இருக்கும்.

பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல. பின்பக்கக் கால்கள் மூன்றும் இருக்கின்றனவா, துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, லேசாக வளைத்தால் வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்து வெளுத்துப்போன பிளாஸ்டிக் அப்பளம் போல முறியும். இரும்புப் பாகம் என்றால் ஒரு சிறிய காந்தம் போதும். காந்தம் இறுக ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டி ஒளிந்திருக்கிறது. இடது, வலது இரண்டும் சேர்ந்து கிடைத்தால் சேர்த்தே வாங்குவது உத்தமம். இன்னொரு பக்கம் உடையும் நாள் வந்தே தீரும்.

மலிவுக்குப் பின்னால் ஓர் ஆபத்தும் உண்டு. மீரட் நகரின் சோத்திகஞ்ச் சந்தை ஒரு காலத்தில் வட இந்தியாவின் பெரிய பழைய உதிரி பாகச் சந்தைகளில் ஒன்று. திருட்டு வண்டிகள் அங்கே பிரிக்கப்படுகின்றன என்ற புகாரில் 2021 டிசம்பரில் போலீஸ் அதை மூடியது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம். தெரியாமல் வாங்கினாலும் அலைச்சல் நிச்சயம். பழைய பாகத்துக்கும் ஒரு துண்டு ரசீது கேட்டு வாங்குவது நல்லது. ரசீது தர மறுக்கும் இடத்தில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது லாபமல்ல.

புது டூப்ளிகேட் பேனல் வாங்குபவர்களுக்கு ஒரே அறிவுரை. பெயின்ட் அடிக்கும் முன் வண்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும். துளை நாலு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் பெயின்ட் அடித்த பிறகு கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார். இழுத்துப் பிடித்துத் திருகினால் முதல் மாதத்திலேயே விரிசல் விழும். இரும்பு மட்கார்டு என்றால் பழையதையும் புதியதையும் இரு கைகளிலும் தூக்கிப் பார்த்தாலே தகட்டின் கனம் தெரிந்துவிடும்.

இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும் என்று நம்புபவர்கள் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருக்கும். அதில் சொந்த வண்டியின் சேதத்துக்கு ஒரு பைசா கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதமும் ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 சதவீதமும் தேய்மானமாகக் கழித்துவிடுவார்கள்.

படகுத் துறையிலிருந்து ஒரு பாடம்

ஒட்டவும் முடியாது, ஆக்ரிக் கடையிலும் இல்லை, டூப்ளிகேட்டும் வரவில்லை என்றால் மிஞ்சுவது ஃபைபர். இதில் திருவனந்தபுரம் கொடுத்துவைத்த ஊர். வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் பிரிவு ஒன்று ராக்கெட் பாகங்களுக்காக இழைப் பிளாஸ்டிக் வேலையில் ஈடுபட்டிருக்கிறது. அது சாமானியனுக்கு எட்டாத உயரம். எட்டும் தூரத்தில் கடற்கரை இருக்கிறது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் நல்ல மரம் கிடைப்பது அரிதானபோது, கரமனையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980களில் இந்தக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஒட்டுப்பலகைப் படகுகளைப் பரப்பியது. பலகைக்கு மேல் ஃபைபர் போர்த்தும் வேலை அப்படித்தான் மீனவ கிராமங்களுக்கு வந்தது. அலையைத் தாங்கும் அதே ரெசினும் அதே கண்ணாடி இழைப் பாயும்தான் பைக் பேனலுக்கும் மூலப்பொருள். படகு பழுது பார்ப்பவருக்கு ஒரு சைடு பேனல் அரைநாள் வேலை.

செய்முறை சிக்கலானதல்ல. ஒடிந்த பேனலையே ஒட்டி, பட்டி வைத்து வழுவழுப்பாக்கினால் அது மாதிரி. அதன் மேல் மெழுகு தடவி, ரெசினும் இழைப் பாயும் அடுக்கினால் அச்சு கிடைக்கும். ஒரு நாள் கழித்து அச்சைக் கழற்றி, அதன் உள்ளே மெழுகு தடவி, மீண்டும் அடுக்கினால் பேனல். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள பாய் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் தரும். மூன்று அடுக்கு போட்டால் ஒரிஜினல் பிளாஸ்டிக்கின் கனம் வந்துவிடும். பாயின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவை. கெட்டியாக்கும் திரவம் ரெசினில் நூற்றுக்கு 1 முதல் 2 பங்கு. கொட்டும் மழை நாளில் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது. ஈரக்காற்றில் ரெசின் சரியாக இறுகாது.

பணக்கணக்கு இங்கேதான் சுவாரசியமாகிறது. ஒரே ஒரு பேனலுக்காக அச்சு செய்தால் அச்சுக்கே பாதிச் செலவு போய்விடும். அப்படிப்பட்டவர் அச்சை மறந்துவிட்டு, உடைந்த ஏ.பி.எஸ். பேனலின் உள்பக்கத்தை உப்புத்தாளால் சுரண்டி இரண்டு அடுக்கு ஃபைபர் போர்த்திக்கொள்வதே புத்திசாலித்தனம். பி.பி.யில் இதுவும் ஒட்டாது. ஒரே மாடல் வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்தால் கதை வேறு. ஓர் அச்சில் பல பேனல்கள் எடுக்கலாம், செலவு பங்காகும். பழைய வண்டிப் பிரியர்கள் தங்களுக்குள் தொடர்பு வைத்துக்கொள்வதன் பெரிய லாபம் இதுதான். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறக்கூடாது. இடது பேனல் அச்சில் வலது பேனல் வராது. கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல அது தலைகீழ் வடிவம்.

எச்சரிக்கைகளும் உண்டு. கெட்டியாக்கும் திரவம் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதை, ரெசினில் சேர்க்கும் கோபால்ட் திரவத்தோடு ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது, தீப்பிடிக்கும். ஃபைபரைத் தேய்க்கும்போது கிளம்பும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி கட்டாயம். ஃபைபரில் எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதும் முக்கியம். பெட்ரோல் டேங்க்கை இந்த முறையில் செய்யவே கூடாது. சாதாரண ரெசினை எத்தனால் இளக்கிவிடும். அமெரிக்காவில் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபோது ஃபைபர் டேங்க் வைத்த பழைய படகுகள் பட்ட பாடு அதற்குச் சாட்சி. முன் மட்கார்டை ஃபைபரில் செய்தால் உள்ளே இரும்புப் பட்டை வைத்துத்தான் செய்ய வேண்டும். ஓட்டத்தில் அது முறிந்து சக்கரத்தில் சிக்கினால் போவது உயிர்.

நிறத்தைத் தொடும் முன்

புதுப் பேனல் வந்தவுடன் புது நிறம் அடிக்கும் ஆசையும் கூடவே வரும். ஆர்.சி. புத்தகத்தில் நிறமும் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அப்போது நினைத்துக்கொள்ள வேண்டும். நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பதிவில் திருத்திக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. இந்தப் பிரிவின் அடிப்படையில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கறாரான தீர்ப்பு அளித்தது. அந்த வழக்கு கிளம்பிய இடம் கேரளம். மாநிலத்தில் வண்டியின் தோற்றத்தை மாற்றுபவர்கள் மீது கெடுபிடி அதிகம். அதே வடிவம், அதே நிறம், அதே இடம் என்று பேனலை மாற்றுபவருக்கு இதில் பயமில்லை. பின் மட்கார்டை வெட்டிச் சின்னதாக்கி ஸ்டைல் காட்டுபவர் புதுப்பிப்பு ஆய்வின்போது மீண்டும் பழைய மட்கார்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும். பழைய பாகத்தைத் தூக்கிப் போடாமல் சாக்கில் கட்டிப் பரணில் வைத்தவர்கள் இதில் தப்பிக்கிறார்கள்.

மொத்தத்தில் செலவின் வரிசை இதுதான். முதலில் ரப்பரும் திருகும். அடுத்து ஒட்டுவேலை. பிறகு விலைபோகாத நிறத்து ஒரிஜினல், அதன் பிறகு ஆக்ரிக் கடை, அடுத்தது டூப்ளிகேட், கடைசியில் ஃபைபர். இந்த வரிசையில் ஒவ்வொரு படியாக இறங்குபவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது படியிலேயே வேலை முடிந்துவிடுகிறது. பெரும்பாலானவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பளபளக்கும் டூப்ளிகேட்டை வாங்கி, பழைய ரப்பரில் அழுத்தி மாட்டி, அடுத்த மழைக்குள் மீண்டும் கடைக்கு வருகிறார்கள்.

பைக் என்பது பலருக்குப் பொழுதுபோக்கு அல்ல. அதிகாலை விழிஞத்தில் மீன் ஏலம் எடுத்து ஊருக்குள் விற்பவருக்கு அது கடை. தினக்கூலிக்குப் போகும் தச்சருக்கு அது கருவிப்பெட்டி. இவர்கள் வண்டியை மாற்றுவது என்றால் தவணை, வட்டி என்று மூன்று வருடம் கழுத்தில் கயிறு. உடைந்த பேனலோடு கடைக்குக் கிளம்பும் முன் சேஸிஸில் அந்த ரப்பர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க அரை நிமிடம் போதும்.